ஏழு மாதக் குழந்தைக்குப் பேதி. வீட்டில் தோஷம் என்கிறார்கள், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார்கள்

கேள்வி கேட்டவர்: ஆரணி மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு ஏழு மாதம். நேற்று மதியத்திலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போகிறான், பச்சை நிறத்தில், புளித்த வாடையோடு. காலையில் இரண்டு முறை பாலைக் கக்கினான். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், சிரிக்கிறான். ஆனால் வழக்கமான துள்ளல் இல்லை.

அத்தை பார்த்த உடனே "இது தோஷம்" என்று சொல்லிவிட்டார். போன வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். அவர் அன்றைக்கு வீட்டுக்கு விலக்காக இருந்தாராம், அந்தத் தீட்டு பட்டுவிட்டதாம். விளக்கு வைத்த பிறகும் குழந்தைத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டேன் என்று என் மேலும் ஒரு குறை. பறவை மேலே பறந்திருக்கும், அந்த நிழல் இறங்கியிருக்கும் என்கிறார்.

பக்கத்து ஊரில் மந்திரிக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். மூன்று சாயங்காலம் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். அதுவரைக்கும் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, என் பால் சூடாகிவிட்டது, அது உள்ளே போகப் போகத்தான் பேதி ஆகிறது என்கிறார். வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றினால் போதும் என்கிறார். சித்தி முறை ஆகும் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும், தொக்கம் எடுத்துவிடலாம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கணவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலையில் இருக்கிறார். போனில் "அம்மாவுக்குத் தெரியாததா" என்கிறார். அத்தையை நான் குறை சொல்லவில்லை. பிரசவமாகி வந்தபோது ராத்திரி முழுக்க என்னோடு விழித்திருந்தவர் அவர்தான். அவரோடு சண்டை போடாமல் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? பாலை நிறுத்தலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில்: செங்கம் அண்ணன்

தங்கச்சி, பாலை நிறுத்தாதே. தொக்கம் எடுக்க யார் வந்தாலும் பிள்ளையைக் கையில் கொடுக்காதே. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் இப்போதே கிளம்பு. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பதில்: ஓய்வு பெற்ற கிராம செவிலியர், போளூர்ப் பக்கம்

கண்ணு, இதைப் படிப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பார். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடு. சட்டென்று சமமாகிவிட்டால் நேரம் இருக்கிறது. மடிப்பு மெதுவாக இறங்கினாலோ, கண் குழிந்திருந்தாலோ, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றாலோ, மார்பைப் பிடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ யாரிடமும் அனுமதி கேட்காதே. 108-க்குப் போன் போடு.

அப்படி எதுவும் இல்லையென்றால் இப்போதே மார்பில் போடு. பால் சூடாவது என்று ஒன்று கிடையாது. கேட்கும்போதெல்லாம் கொடு, வழக்கத்தைவிட அதிகமாகவே கொடு. அங்கன்வாடியிலோ மருந்துக்கடையிலோ ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் வாங்கி, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரை. பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதே, உப்பு கூடினாலும் ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. கக்கினால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. கடையில் அட்டை டப்பாவில் பழவாசனையோடு விற்கும் பானங்களை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கிவிடாதே. அதில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது.

பொட்டலம் கிடைக்கும்வரை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான்.

இதைச் செய்துவிட்டு நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டிவிடு.

சரி, இனி தோஷத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்களில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. பேதி பிடித்த பிள்ளையை நேராக என்னிடம் தூக்கி வந்தவர்கள் குறைவு. முதலில் மந்திரிப்பு, அப்புறம் பள்ளிவாசல். மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காகக் கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் பெண்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் நர்ஸ். இதில் கோபப்பட எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று பத்துப் பேரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதானே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிழவிகளின் கண் கூர்மையானது. தோஷம் தட்டின பிள்ளைக்கு உச்சிக்குழி உள்ளே போகும், கண் உள்வாங்கும், உதடு காயும், அழுதால் கண்ணீர் வராது என்று சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றிப்போன குழந்தைக்கு டாக்டர் தேடுகிற அடையாளங்களும் இவையேதான். பச்சையாகப் போனால் தோஷம் முற்றிவிட்டது என்பார்கள். பித்தநீர் பச்சையாகத்தான் குடலுக்குள் இறங்குகிறது, மெதுவாக நகரும்போது மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுகிறது. குடல் வேகமாகத் தள்ளினால் மாற நேரமில்லாமல் பச்சையாகவே வெளியே வந்துவிடும். பார்த்தது சரி, சொல்லும் காரணம்தான் வேறு.

காரணம் வேறாக இருப்பதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுவது நேரம். "ஊற்ற ஊற்றப் போகிறது, ஊற்றாமல் இரு" என்பார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், தண்ணீர் கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை மறுபடி போகத்தான் செய்யும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஓட்டை அடைபடாது, குடம்தான் காலியாகும் என்று நான் வீட்டுக்கு வீடு சொல்லியிருக்கிறேன். ஏழு மாதப் பிள்ளையின் உடம்பில் இருக்கும் நீர் கொஞ்சம். பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை, வசம்பு மட்டும் என்று மூன்று சாயங்காலம் காத்திருக்க அதனால் முடியாது.

பெரும்பாலான பேதி மூன்றிலிருந்து ஏழு நாளில் தானே அடங்கும். மூன்று நாள் மந்திரிப்பு பலித்துவிட்டது என்று ஊர் நம்புவது அதனால்தான். பலிக்காத பிள்ளைக்கு "கொண்டுவந்தது தாமதம்" என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பக்கம் ஒரு பாட்டி இருந்தார். வேப்பிலையை வைத்துத் தலையிலிருந்து கால்வரை இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீரில் ஏதோ முணுமுணுத்து, அதைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வார். காசு வாங்கமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும். நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியே பழகினேன். "ஆயா, உங்க தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சு, இந்தப் பொட்டலத்தைக் கரைச்சு, அப்புறம் மந்திரிச்சுக் கொடுங்க" என்று கேட்டேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. உப்புப் போட்டால் மந்திரம் முறியும் என்றார். பிறகு அவர் பேத்திக்கே பேதி பிடித்தது. கரண்டி கரண்டியாக ஊட்டி, அன்று சாயங்காலமே குழந்தை எழுந்து உட்கார்ந்ததை அவரே பார்த்தார். அதற்கப்புறம் அவர் வீட்டு மாடத்தில் திருநீற்றுக்குப் பக்கத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் அடுக்கியிருக்கும். தீர்ந்தால் ஆள் அனுப்புவார். கண் குழிந்த பிள்ளை வந்தால், "இது என் கையில இல்ல, நர்ஸம்மாகிட்ட ஓடு" என்று அவரே திருப்பி அனுப்பினார். என் வார்த்தைக்கு நகராத வீடுகள் அவர் வார்த்தைக்கு நகர்ந்தன.

அதனால் அத்தையிடம் தோஷம் இருக்கிறதா இல்லையா என்று வாதம் பண்ணாதே. "அத்தை, மந்திரிக்கப் போகலாம். ஆனா அங்க போய் நிக்கிறவரைக்கும் பிள்ளைக்குத் தெம்பு வேணும், நீங்களே கரண்டியில ஊட்டிவிடுங்க, உங்க கைன்னாதான் குடிப்பான்" என்று சொல். பேரனுக்கு ஊட்டும் வேலையை அவர் கையில் கொடுத்துவிடு. வேப்பிலையும் திருநீறும் பிள்ளையை ஒன்றும் செய்யாது. வசம்பு வாய்க்குள் வேண்டாம், வாந்தியைக் கூட்டும். உச்சியில் விளக்கெண்ணெய் வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும்.

விட்டுக்கொடுக்கவே கூடாதது சில உண்டு. தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவதும் வாய் வைத்து ஊதுவதும் கூடாது. வெளியே எடுத்துக் காட்டும் சோற்றுப் பருக்கை உன் பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்தது இல்லை. மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆன குழந்தைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். சூடு போடக் கூடாது. பேதியை உடனே நிறுத்தும் பெரியவர்கள் மாத்திரையை ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக அந்தப் பக்கத்துத் தெரு அக்கா. இதை மட்டும் நான் என் வேலைக்காலம் முழுக்க ஒப்புக்கொண்டதில்லை, இப்போதும் மாட்டேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் உடனே ஒரு பெண்ணைத் தேடுவார்கள். விலக்கானவள், பிள்ளை இல்லாதவள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். ஒரு ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்தால் தாய்மார்கள் குழந்தையை முந்தானைக்குள் மறைப்பார்கள். பிள்ளை இல்லாத பெண் அவள். சொட்டு மருந்து முகாமுக்கு எனக்கு உதவி செய்ய வந்தவள், அதற்கப்புறம் வருவதையே விட்டுவிட்டாள். பேதி வருவது கையில் ஒட்டிய மலத்திலிருந்து, மூடாத குடத்திலிருந்து, கழுவாத பாட்டில் நிப்பிளிலிருந்து, தவழும் பிள்ளை தரையில் பொறுக்கி வாயில் போடுவதிலிருந்து. மாதவிலக்கிலிருந்து வராது. உன் பிள்ளை தேறியதும் அந்த அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் கொடு. உன்னால் முடியும்.

பதில்: செய்யாறு வாசகன்

நர்ஸ் அம்மா சொன்ன மருத்துவம் எல்லாம் சரி. ஆனால் மந்திரிப்பதையும் கூடவே வைத்துக்கொள் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குணமாக்கியது உப்பும் சர்க்கரையும். பெயர் வாங்குவது பாட்டி. என் அக்கா வீட்டில் இதைப் பார்த்தேன். முதல் குழந்தையின் பேதி மந்திரித்துத்தான் சரியானது என்ற நம்பிக்கையில், இரண்டாவது குழந்தைக்கு மூச்சு இழுத்தபோதும் முதலில் அங்கேதான் கொண்டுபோனார்கள். ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

தீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். தோஷம் என்ற நம்பிக்கையிலிருந்து பெண் மேல் விழும் பழியை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. இரண்டும் ஒரே வேர். பாட்டிக்கு மரியாதை கொடுக்கும்போது அந்தப் பழிக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது.

பதில்: ஓய்வு பெற்ற கிராம செவிலியர், போளூர்ப் பக்கம்

தம்பி, உங்கள் அக்கா குழந்தை பிழைத்ததில் சந்தோஷம். நீங்கள் சொல்வது நடக்கும், நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தப் பாட்டிக்கு மூச்சைப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் நிமிஷத்துக்கு 50 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. சட்டையைக் கழற்றிப் பார், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் வேப்பிலையைக் கையில் எடுக்காதே என்று காட்டினேன். அதை அவர் பிடித்துக்கொண்டார்.

வேரைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெண்கள் படித்து வேலைக்குப் போன வீடுகளில் அந்தப் பேச்சு தானாகக் குறைந்ததைப் பார்த்தேன். ஆனால் என் முன்னால் பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கும்போது எனக்குக் கையில் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அந்த நேரத்தில் பாட்டியை எதிரியாக்க எனக்கு மனசு வராது.

பதில்: பொது சுகாதார மாணவி, வேலூர்

நர்ஸ் அம்மா செய்ததைப் போலவே 1980களில் பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாநிலத்தில் செய்திருக்கிறார்கள். அங்கேயும் குழந்தைப் பேதிக்குக் கண்ணேறு, பயம் என்று காரணம் சொல்வார்கள். இலைக்கொத்தை வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லி இறக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கே உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கப் பயிற்சி கொடுத்தார்கள். உச்சிக்குழி விழுவதைத் தனி நோயாகவே நினைக்கும் வழக்கம் மெக்சிகோவில் உண்டு. அங்கே அதைச் சரி செய்ய வாய்க்குள் விரல் விட்டு மேலண்ணத்தைத் தள்ளுவார்கள், குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். அதனால் ஆரணி அக்கா, உங்கள் அத்தை ஏதோ அறியாமையில் பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். காய்ந்துபோன குழந்தையைப் பார்த்த இடத்திலெல்லாம் மனிதர்கள் இப்படி ஒரு காரணத்தைத் தேடியிருக்கிறார்கள்.

இந்தக் கரைசலுக்கும் நம் பக்கத்து வரலாறுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கானில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வர, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். குளுக்கோஸ் குடல் சுவரைத் தாண்டும்போது உப்பையும் கூடவே இழுத்துப் போகும், உப்புக்குப் பின்னாலேயே தண்ணீர் போகும். எவ்வளவு பேதி ஆனாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. சர்க்கரை இல்லாமல் உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் இது நடக்காது.

கேள்வி கேட்டவர்: ஆரணி மருமகள்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நர்ஸ் அம்மா சொன்ன மாதிரியே அத்தையிடம் கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "கொண்டா அந்தக் கரண்டியை" என்று வாங்கிக்கொண்டார். விடியும்வரை நாங்கள் மாற்றி மாற்றி ஊட்டினோம். பாலும் கொடுத்தேன், அதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை. சித்தியை உள்ளேயே விடவில்லை, அதை அத்தையே பார்த்துக்கொண்டார்.

காலையில் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நீர்ச்சத்து பரவாயில்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஓஆர்எஸ்ஸோடு ஜிங்க் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இன்னும் போகிறான், ஆனால் இடைவெளி கூடியிருக்கிறது. சாயங்காலம் மந்திரிக்கவும் போகப் போகிறோம், கரைசல் பாட்டிலோடு. பக்கத்துத் தெரு அக்கா விஷயம் இன்னும் பேச முடியவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம், பேதி நின்றதும் ஜிங்க்கை நிறுத்திவிடலாமா?

பதில்: ஓய்வு பெற்ற கிராம செவிலியர், போளூர்ப் பக்கம்

நிறுத்தாதே கண்ணு. உன் பிள்ளை வயசுக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், ஒரு வேளை, 14 நாளும் கொடு. தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ ஒரு கரண்டியில் கரைத்துவிடலாம். இந்தப் பேதியும் சீக்கிரம் ஆறும், அடுத்து வருவதும் குறையும். இட்லி, குழைந்த பருப்புச் சோறு எல்லாம் ஆரம்பித்திருந்தால் அதையும் நிறுத்தாமல் கொடு, தேறிய பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடு.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார். 6, 10, 14 வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டதாகக் குறித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் உங்கள் ஊர் நர்ஸிடம் அட்டையோடு போய்க் கேள்.

அந்த அக்கா வீட்டுக்கு நீ போ. அவர் வரும்வரை காத்திருக்காதே.